வண்டியில் ஏறிய கம்ப்யூட்டர்: ஒரு வட்ட ஸ்கிரீன் வடிவமைப்போம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பவர் பட்டனை அழுத்திய உடனே டிவி மாதிரி ஏன் வருவதில்லை?" இன்னும் சில நாள் கழித்து அடுத்த கேள்வி வரும். "மவுஸ் நகர்கிறது, ஆனால் எதை க்ளிக் செய்தாலும் அசையவில்லையே, ஏன்?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடையை இந்த மாதம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வைத்துப் பார்க்கப் போகிறோம். கடைசியில் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பெயின்ட் புரோகிராமிலேயே ஒரு வண்டி ஸ்கிரீனை வடிவமைத்து, அது நல்ல வடிவமைப்பா இல்லையா என்று வீட்டிலேயே சோதித்தும் பார்க்கலாம். செலவு ஒரு வெள்ளைத்தாள், ஒரு அட்டை. அவ்வளவுதான்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. பொறியியல் முடித்துவிட்டு சென்னையில் ஒரு நிறுவனத்தில் வாகன ஸ்கிரீன்களுக்கு சாப்ட்வேர் எழுதுகிறேன். சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. இதில் வரும் வண்டி என் பெரியப்பாவினுடைய புல்லட். இதில் வரும் தவறு முழுக்க என்னுடையது.

பழைய பெயர், புதிய வண்டி

சில ஆண்டுகளாக ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். நம் அப்பா, தாத்தா காலத்து வண்டிப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. ஒரு காலத்தில் மைசூரில் தயாராகி, பிறகு நின்றுபோன ஜாவா, 2018 நவம்பரில் மறுபடி வந்தது. 1991-ல் அறிமுகமான டாடா சியாரா, பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2025 நவம்பரில் புதிய காராக வந்தது. இங்கிலாந்தின் பழைய பெயரான எம்ஜி, 2019-ல் ஹெக்டர் காருடன் இந்தியாவுக்குள் நுழைந்தது. அதன் விளம்பரத்தில் என்ஜினைவிட இன்டர்நெட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அமெரிக்காவில் 1980-ல் நின்றுபோன ஸ்கவுட் என்ற ஜீப் வகை வண்டியை, போக்ஸ்வேகன் குழுமம் 2024 அக்டோபரில் புது உருவத்தில் காட்டியது. அம்பாசிடர் மட்டும் இன்னும் வரவில்லை. 2014-ல் தயாரிப்பு நின்ற அந்தக் காரின் பெயரை மட்டும் 2017-ல் பிரான்ஸ் நாட்டின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வண்டி இல்லை, தொழிற்சாலை இல்லை, வெறும் பெயர்!

நமக்குப் பக்கத்தில் உள்ள உதாரணம் ராயல் என்பீல்டு. 1901-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த நிறுவனம் அது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்பீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. பிறகு தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்டது, பிள்ளை சென்னையில் பிழைத்துக்கொண்டது. 1994-ல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. அந்த நிறுவனம் 2024 நவம்பரில் இத்தாலியின் மிலான் கண்காட்சியில் 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்ற பெயரை மறுபடி எடுத்தது. பறக்கும் தெள்ளுப்பூச்சி என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து பாராசூட் கட்டிப் போர்வீரர்களோடு இறக்கிய 125 சிசி குட்டி வண்டியின் செல்லப்பெயர் அது. எடை சுமார் 60 கிலோ. இப்போது அந்தப் பெயரில் வருவது மின்சார மோட்டார் சைக்கிள். ஹேண்டில்பாரின் நடுவே ஒரு வட்ட டச் ஸ்கிரீன், உள்ளே குவால்காமின் ஸ்னாப்டிராகன் சிப். போனில் இருக்கிற அதே இனம்.

இங்கேதான் என் போன்றவர்களுக்கு வேலை வருகிறது. பழைய வண்டியில் ஸ்கிரீன் என்ற பேச்சே கிடையாது. அப்படியானால் புதிய வண்டியின் ஸ்கிரீனில் 'பழமை' எங்கிருந்து வரும்?

சோம்பேறியான வழிகள் இரண்டு. ஒரு டேப்லெட்டை டேஷ்போர்டில் ஒட்டிவிடுவது ஒன்று. பழைய மீட்டரின் போட்டோவை எடுத்து, குரோமியப் பளபளப்போடு ஸ்கிரீனில் வரைந்துவிடுவது இன்னொன்று. இரண்டாவது பார்க்க அழகாக இருக்கும், பத்து நாளில் சலித்துவிடும். மினி காரில் செய்ததை எனக்குப் பிடிக்கும். 1959-ல் வந்த முதல் மினியில் ஸ்பீடோமீட்டர் டேஷ்போர்டின் நடுவில் ஒரே ஒரு பெரிய வட்டமாக இருந்தது. 2001-ல் பிஎம்டபிள்யூ அந்தப் பெயரை மீட்டபோதும் நடு வட்டத்தை விடவில்லை. 2023-ல் காட்டிய மாடலில் அதே இடத்தில் 240 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட ஓஎல்ஈடி ஸ்கிரீன் வந்தது. உள்ளே எல்லாம் மாறிவிட்டது. கண் போகும் இடம் மட்டும் மாறவில்லை.

முள் சொன்ன செய்தி

பெரியப்பாவின் புல்லட்டில் ஹெட்லைட் கூட்டுக்கு மேலே ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு மீட்டர் இருக்கும். அம்மீட்டர். பேட்டரிக்குக் கரண்ட் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று காட்டும் முள். நடுவில் நின்றால் பூஜ்யம், ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ்.

சின்ன வயதில் அவர் வண்டியை ஸ்டார்ட் செய்வதை வேடிக்கை பார்ப்பேன். சாவியைப் போடுவார். கிக்கரை மெதுவாக, தூங்கும் குழந்தையை எழுப்புகிற மாதிரி அழுத்துவார். மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும் முள் திடீரென்று நடுவுக்கு வரும். உடனே இடது கை ஒரு சின்ன லீவரைப் பிடிக்கும், கிக்கர் இன்னும் கொஞ்சம் இறங்கும். பிறகு ஒரே மிதி. டப், டப், டப்.

அது என்ன மந்திரம் என்று கல்லூரியில்தான் புரிந்தது. பழைய புல்லட்டில் தீப்பொறி வரவைக்கும் காண்டாக்ட் பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடும், முள் மைனஸில் நிற்கும். பிஸ்டன் உச்சிக்கு அருகே வரும்போது பாயின்ட் திறக்கும், கரண்ட் நிற்கும், முள் நடுவுக்குத் திரும்பும். அதாவது உருக்குக் கூட்டுக்குள் இருக்கும் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை அந்த முள் வெளியே சொல்கிறது. லீவர் என்பது டீகம்ப்ரஷர். உள்ளே அடைபட்ட காற்றழுத்தத்தை வெளியே விடுவது. தப்பான இடத்தில் உதைத்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் போன கதைகள் எங்கள் ஊரில் நிறைய.

மீட்டர் என்பது அலங்காரம் இல்லை, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லும் இடம். பழைய வண்டியிலிருந்து புதிய ஸ்கிரீனுக்கு எதையாவது எடுத்துப் போக வேண்டும் என்றால் நான் குரோமியத்தை விட்டுவிட்டு இந்தப் பழக்கத்தைத்தான் எடுப்பேன்.

ராயல் என்பீல்டு இதில் படிப்படியாக வந்தது. 2020 நவம்பரில் மீட்டியோர் 350 வண்டியில் 'ட்ரிப்பர்' என்ற சின்ன வட்டத்தைத் தனியாக வைத்தார்கள். முழு மேப் கிடையாது. அடுத்த திருப்பம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், அவ்வளவுதான். வழி போனிலிருந்து ப்ளூடூத்தில் வரும். 2022-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது ட்ரிப்பரை விருப்பப்பட்டால் வாங்கும் பொருளாக மாற்றினார்கள். அது இல்லாமலும் வண்டி ஓடியது. தனியாக ஒரு வட்டமாக வைத்ததில் இந்த வசதி இருந்தது. 2023-ல் வந்த புதிய ஹிமாலயனில் 4 இஞ்ச் வட்ட ஸ்கிரீன் ஒன்றே எல்லாமும் ஆனது. வேகம், பெட்ரோல், கியர், கூகுள் மேப் எல்லாம் அதற்குள். அதை இயக்க இடது கைப்பிடியில் ஒரு குட்டி ஜாய்ஸ்டிக்.

டச் ஸ்கிரீன் இருக்கும்போது ஜாய்ஸ்டிக் எதற்கு என்று கேட்கலாம். உங்கள் போனில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். டச் ஸ்கிரீன் விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்வது. மழைத்துளியையும் அது விரல் என்றே நினைக்கும். சாதாரண கையுறை போட்டால் விரலையே அதற்குத் தெரியாது. மலையில் மழையும் உண்டு, கையுறையும் உண்டு.

கார்களிலும் இந்தச் சண்டை நடக்கிறது. 2022-ல் ஸ்வீடன் நாட்டின் கார் பத்திரிகை ஒன்று, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் சில சாதாரண வேலைகளை (சீட்டைச் சூடாக்குவது, ரேடியோ மாற்றுவது போன்றவை) செய்துமுடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று பல கார்களில் அளந்தது. பட்டன்கள் கொண்ட 2005-ஆம் ஆண்டு வால்வோ வி70 அதற்குள் 306 மீட்டர் ஓடியிருந்தது. ஸ்கிரீனை நம்பிய எம்ஜி மார்வெல் ஆர் 1372 மீட்டர் ஓடியிருந்தது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பட்டன் அல்லது லீவர் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதி வைத்தது.

'டப்பா இன்னும் எழுந்திரிக்கலியேடா'

என் முதல் முயற்சி ராஸ்பெர்ரி பை. கையடக்கமான முழு கம்ப்யூட்டர். 4 இஞ்ச் வட்ட டிஸ்ப்ளே ஒன்றை அதோடு இணைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, பெரியப்பாவின் ஹேண்டில்பாரில் கட்டினேன்.

அவர் உதைத்தார். வண்டி ஒரே மிதியில் எழுந்தது. ஸ்கிரீனில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. கேட்டைத் திறந்தார், வண்டியை வெளியே எடுத்தார், தெருமுனை வரை போய்விட்டார். அப்போதுதான் வேகம் காட்ட ஆரம்பித்தது.

"வண்டி கெளம்பிடுச்சு, உன் டப்பா இன்னும் எழுந்திரிக்கலியேடா."

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். உங்கள் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் என்ன நடக்கிறது? மதர்போர்டில் உள்ள ஒரு சின்ன நிரந்தர புரோகிராம் முதலில் விழிக்கிறது. அது நினைவகத்தையும் கீபோர்டையும் டிஸ்க்கையும் சரிபார்க்கிறது. பிறகு டிஸ்க்கிலிருந்து விண்டோஸை எடுத்து ராம் நினைவகத்தில் வைக்கிறது. விண்டோஸ் தன் பங்குக்குப் பிரின்டர், சவுண்டு, நெட்வொர்க் என்று ஒவ்வொன்றையும் எழுப்புகிறது. நீங்கள் அன்றைக்குப் பிரின்ட் எடுக்கப் போவதில்லை என்பது அதற்குத் தெரியாது. என் ராஸ்பெர்ரி பையும் இதைத்தான் செய்தது. வேகம் காட்ட வேண்டிய டப்பா, யாரும் இணைக்காத கீபோர்டைத் தேடிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை ரிட்சி தெருவில் ஈஎஸ்பி32 என்ற சிப் கொண்ட 2.1 இஞ்ச் வட்ட டிஸ்ப்ளே ஒன்றை வாங்கினேன். இதில் விண்டோஸ் மாதிரி பெரிய ஆபரேட்டிங் சிஸ்டம் கிடையாது. நான் எழுதிய ஒரே புரோகிராம்தான் உள்ளே. கரண்ட் வந்தவுடன் அதுவே ஓட ஆரம்பிக்கும். உதைத்து முடிப்பதற்குள் ஸ்கிரீன் தயார். பெரியப்பா எதுவும் சொல்லவில்லை. அவர் அகராதியில் அது பாராட்டு.

பெரிய நிறுவனங்களின் கார்களில் இரண்டையும் சேர்த்தே வைப்பார்கள். வேகம், எச்சரிக்கை விளக்கு எல்லாம் உடனே எழும் சின்னப் பகுதியிடம். பாட்டும் மேப்பும் மெதுவாக எழும் பெரிய பகுதியிடம். உங்கள் கம்ப்யூட்டரும் மெதுவாக எழுகிறது என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து (கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்) அதில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். நீங்கள் கேட்காமலே எழுந்து நிற்கும் புரோகிராம்களின் பட்டியல் அங்கே இருக்கும். தெரிந்த பெயராக இருந்து, உடனே தேவையில்லை என்றால் ரைட் க்ளிக் செய்து டிஸேபிள் செய்யலாம். ஆன்டிவைரஸில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

வெள்ளிமலைக்கு மேலே

போன ஐப்பசியில் கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு சிற்றூரில் பெரியப்பாவின் கூட்டாளி வீட்டில் காதுகுத்து. ஸ்கிரீனைச் சோதிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது என்று நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை சமவெளி. கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம். கோமுகி அணையைத் தாண்டினால் மலை ஏற்றம். என் ஏற்பாடு இதுதான். சட்டைப்பையில் உள்ள போன் வழியைக் கண்டுபிடிக்கும். ப்ளூடூத்தில் அம்புக்குறியையும் தூரத்தையும் ஸ்கிரீனுக்கு அனுப்பும். சமவெளியில் ஒரு குறையும் இல்லை. மலையேறியதும் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நான் கவனிக்கவில்லை.

வெள்ளிமலை வரை பெரியப்பாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரியும். அதற்கப்புறம் உள்ள சிற்றூருக்கு அவர் போனது எப்போதோ ஒரு முறை. சாயங்காலம், தூறல், பனிமூட்டம். ஸ்கிரீனில் பச்சை அம்பு: வலது, 150 மீட்டர். கொஞ்ச தூரத்தில் வலது பக்கம் ஒரு பாதை வந்தது. திரும்பினார். மண் பாதை. நாற்பது அடி போயிருப்போம், பெரியப்பா இரண்டு பிரேக்கையும் பிடித்தார். வண்டி வழுக்கி நின்றது. ஹெட்லைட் வெளிச்சத்தில் முன்னால் பாதை இல்லை. மழையில் ஒரு பக்கம் சரிந்து போயிருந்தது. கீழே எவ்வளவு ஆழம் என்று அந்த மூட்டத்தில் தெரியவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஸ்கிரீனைப் பார்த்தேன். இன்னமும் அதே பச்சை அம்பு. வலது, 150 மீட்டர்.

வண்டியைப் பின்னால் தள்ளி ரோட்டுக்குக் கொண்டுவரும் வரை அவர் பேசவில்லை. பிறகு சொன்னார். "நாப்பது வருஷமா இந்த மலையில ஓட்டறேன். தெரியாத எடத்துல எறங்கி ஆளு கேட்பேன். இன்னிக்கு உன் அம்பை நம்பி எறங்காம திரும்பினேன் பாரு."

என்ன நடந்தது? போனில் எழுதிய புரோகிராமில், ஒவ்வொரு திருப்பத்துக்கும் இன்டர்நெட்டில் உள்ள சர்வரைக் கேட்டு அடுத்த அம்பை வாங்குமாறு செய்திருந்தேன். எழுதச் சுலபம். சிக்னல் போனதும் புதிய அம்பு வரவில்லை. ஸ்கிரீனுக்கோ 'புதிதாக ஒன்று வந்தால் மாற்று' என்று மட்டும்தான் தெரியும். வராவிட்டால் என்ன செய்வது என்று நான் சொல்லவே இல்லை. ஆகவே சில கிலோமீட்டருக்கு முன்னால் நாங்கள் ஏற்கெனவே திரும்பிவிட்ட ஒரு வளைவின் அம்பை அது பத்திரமாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஸ்கிரீன் இருட்டாகியிருந்தால்கூட அவர் இறங்கி விசாரித்திருப்பார். அந்த அம்பு பச்சையாக, தெளிவாக, தன்னம்பிக்கையோடு இருந்ததுதான் ஆபத்து.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக இதை மாற்றினேன். இப்போது ஒவ்வொரு தகவலுக்கும் வயது உண்டு. 3 விநாடி புதிய தகவல் வராவிட்டால் அம்பு சாம்பல் நிறமாகும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி என்பது சுமார் 21 மீட்டர். மலை ரோட்டில் அதற்கு மேல் பொறுக்க முடியாது. 10 விநாடி ஆனால் அம்பு மறைந்து, 'வழித்தகவல் இல்லை' என்ற வரி வரும். வேகம் மட்டும் தொடரும். இன்னொரு மாற்றம், கிளம்பும்போதே முழு வழியையும் போனில் இறக்கிவிடுவது.

நம் இரண்டாவது கேள்வியும் இதுதான். விண்டோஸில் ஒரு புரோகிராம் சுமார் 5 விநாடி பதில் தராவிட்டால், அதன் மேல்பட்டையில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்து ஜன்னல் வெளுத்துப்போகும். பலர் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் அது விண்டோஸ் செய்யும் நல்ல காரியம். 'இங்கே தெரிவது பழைய படம், நம்பாதே' என்கிறது. கொஞ்சம் பொறுத்திருங்கள், பல சமயம் தானே மீளும். இணையத்தில் ரயில் எங்கே வருகிறது என்று பார்க்கும்போதும் அந்தப் பக்கத்தில் 'கடைசியாகப் புதுப்பித்த நேரம்' எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். எஃப்5 கீயை அழுத்தினால் பக்கம் புதிதாக வரும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஜிபிஎஸ் வேறு, இன்டர்நெட் வேறு. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைச் செயற்கைக்கோள்களின் சிக்னலை வைத்துப் போனே கணக்கிடும்; அதற்கு டேட்டா வேண்டாம். ஆனால் அந்தப் புள்ளியை எந்தப் படத்தின் மேல் வைப்பது? படம்தான் இன்டர்நெட்டில் இருக்கிறது. எனவே வீட்டில் வைஃபை இருக்கும்போதே கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தின் மேல் தட்டி, ஆஃப்லைன் மேப்ஸைத் தேர்ந்தெடுத்து, கல்வராயன் மலை முழுவதும் கட்டத்துக்குள் வருமாறு நகர்த்தி டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். ஆஃப்லைனில் கார் வழி மட்டுமே காட்டும், நடைவழி காட்டாது. அவ்வப்போது அந்தப் படத்தைப் புதுப்பிக்கவும் வேண்டும். மழையில் சரிந்த ரோடு எந்தப் படத்திலும் இருக்காது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

'வெள்ளிமலை' உடைந்த கதை

ஊர்ப் பெயர்களைத் தமிழில் காட்ட ஆசைப்பட்டேன். வெள்ளிமலை என்று அனுப்பினால், கொம்பு 'வ' எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. மலையின் 'லை'யும் அப்படியே. கோமுகியில் கொம்பும் காலும் ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டன. காரணம் இது. யுனிகோடு முறையில் 'வெ' என்பதை முதலில் வ, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கிறார்கள். நாம் உச்சரிக்கும் வரிசை அது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. என் சின்ன சிப்பில் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. கடைசியில் தேவையான ஊர்ப் பெயர்களை எல்லாம் கம்ப்யூட்டரில் எழுதி, படங்களாக மாற்றி உள்ளே வைத்தேன். குறுக்கு வழிதான். ஆனால் எழுத்து உடையாது.

நீளமும் ஒரு தொல்லை. 'கச்சிராயபாளையம்' வட்ட ஸ்கிரீனின் மேல்விளிம்பில் அடங்காது. வட்டம் நடுவில்தான் அகலம். அதற்குள் வரையக்கூடிய பெரிய சதுரம் வட்டத்தின் பரப்பில் 64 சதவீதம்தான். 4 இஞ்ச் வட்டத்தில் அந்தச் சதுரத்தின் பக்கம் 2.8 இஞ்ச். நீளமான பெயரை நடுவில் போடுங்கள், இரண்டு இலக்க எண்களை மேலும் கீழும் வையுங்கள்.

இனி நீங்கள்

பெயின்ட் புரோகிராமைத் திறக்கவும். கண்ட்ரோல் கீயுடன் ஈ அழுத்தினால் படத்தின் அளவைக் கேட்கும் பெட்டி வரும். அலகை இஞ்ச் என்று மாற்றி, அகலம் 4, உயரம் 4 கொடுங்கள். பெரும்பாலும் ஒரு இஞ்சுக்கு 96 பிக்சல் இருக்கும். ஆகவே 384க்கு 384 பிக்சல் கொண்ட சதுரம் கிடைக்கும். நீள்வட்டக் கருவியை எடுத்து, ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டே மூலையிலிருந்து மூலைக்கு இழுங்கள். சரியான வட்டம் வரும். ஷிப்ட் இல்லாவிட்டால் முட்டைதான். பெயின்ட் வாளியால் வட்டத்துக்குள் கறுப்பை ஊற்றுங்கள்.

இப்போது யோசியுங்கள். எதை எல்லாம் வைக்கப் போகிறீர்கள்? என் ஆலோசனை, அதிகபட்சம் மூன்று. வேகம், அடுத்த திருப்பம், பெட்ரோல். வேகத்தை எழுத்துக் கருவியில் 72 அளவில் வெள்ளையில் நடுவில் எழுதுங்கள். ஊர்ப் பெயரை நிர்மலா அல்லது லதா எழுத்துருவில் 36 அளவில் ஆரம்பித்துப் பாருங்கள். அம்பைக் கோடுகளால் வரையுங்கள். தடிமனாக.

பிரின்ட் எடுக்கும் முன் பேஜ் செட்டப்பில் 'அட்ஜஸ்ட் டு' 100 சதவீதம் என்று வையுங்கள். இல்லாவிட்டால் தாள் முழுவதும் பெரிதாகி, சோதனையே பொய்யாகிவிடும். வெளியே வந்த தாளில் ஸ்கேலை வைத்து வட்டம் 4 இஞ்ச் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு வெட்டி அட்டையில் ஒட்டி, கை நீட்டும் தூரத்தில், அதாவது சுமார் 70 சென்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். அந்தத் தூரத்துக்கு எழுத்து குறைந்தது 4 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். தமிழில் விசிறியும் சுழியும் இருப்பதால் நான் 6 வைக்கிறேன்.

அடுத்தது முக்கியமான சோதனை. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறை 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஓட்டுபவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கும் ஒவ்வொரு முறையும் 2 விநாடிக்குள் இருக்க வேண்டும் என்று சொன்னது. மணிக்கு 40 கிலோமீட்டரில் 2 விநாடி என்றால் 22 மீட்டர், பார்க்காமலே ஓடியது. நாம் இன்னும் கடுமையாக 1 விநாடி வைப்போம். பவர்பாயின்டில் மூன்று ஸ்லைடுகள் போடுங்கள். முதலில் வெறும் கறுப்பு, நடுவில் உங்கள் ஸ்கிரீன் படம், கடைசியில் மறுபடி கறுப்பு. ட்ரான்ஸிஷன்ஸ் பகுதியில் நடு ஸ்லைடுக்கு மட்டும் 'ஆப்டர்' என்ற இடத்தில் 00:01 என்று கொடுங்கள். முதல் ஸ்லைடில் நிறுத்தி, வீட்டில் யாரையாவது உட்கார வைத்து, ஒரு முறை க்ளிக் செய்யுங்கள். படம் வந்து 1 விநாடியில் மறையும். "எவ்வளவு வேகம்? எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் தயங்காமல் பதில் வந்தால் வடிவமைப்பு தேறிவிட்டது. தயங்கினால் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி. கம்ப்யூட்டரோடு பழகாதவர்களிடம் சோதியுங்கள். நான் எங்கள் பெரியம்மாவிடம் சோதித்தேன். நான் பெருமையாக வரைந்திருந்த பெட்ரோல் பம்ப் சின்னத்தைப் பார்த்து, "இது என்ன, கேஸ் சிலிண்டரா?" என்றார். எடுத்துவிட்டேன்.

படத்தைச் சேமிக்கும்போது பிஎன்ஜி வகையில் சேமியுங்கள். ஜேபெக்கில் எழுத்தின் ஓரங்களில் புள்ளி புள்ளியாகக் கறை வரும். அப்படியே இன்னொரு பிரதி எடுத்து, அதில் அம்பை மட்டும் சாம்பல் நிறமாக்கி 'தகவல் இல்லை' என்று எழுதி, அதையும் 1 விநாடி காட்டிப் பாருங்கள். பார்ப்பவர் "வலது" என்று சொன்னால் சாம்பல் போதவில்லை என்று பொருள்.

பெரியப்பாவின் வண்டியில் இப்போது இருப்பது நான்காவது பதிப்பு. வேகம் பெரிதாக, அதன் கீழே மணி. அம்பு வேண்டும்போது மட்டும் வரும். விளிம்பில் பேட்டரியின் நிலையைக் காட்டும் ஒரு மெல்லிய முள்ளும் வரைந்து கொடுத்தேன். அதை அவர் பார்ப்பதில்லை. ஸ்டார்ட் செய்யும்போது இன்னமும் பக்கத்தில் உள்ள பழைய அம்மீட்டரைத்தான் குனிந்து பார்க்கிறார்.